கார்வி முதல் கருஞ்சிறுத்தைகள் வரை: நேரில் கேட்டவை

அமெரிக்கக் கறுப்பர்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே ஆள வேண்டும் என்று எழுந்த கறுப்பினத் தேசியவாத இயக்கங்களைப் பற்றி, எங்கள் குழு உறுப்பினர்கள் தங்கள் ஊர்களில் கேட்டு எழுதியவை இவை.

கலிபோர்னியாவின் ஓக்லாந்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். கருஞ்சிறுத்தைகள் (Black Panther Party) என்ற கறுப்பினக் கட்சியைப் பற்றி அவரிடம் பேச்செடுத்தால், மார்க்கெட் தெருவும் 55-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்திலுள்ள போக்குவரத்து விளக்கிலிருந்துதான் தொடங்குவார். பள்ளிப் பிள்ளைகள் கார்களில் அடிபட்டுக்கொண்டிருந்த அந்தச் சந்திப்பில் விளக்கு வைக்குமாறு ஊரார் கேட்டும் நகராட்சி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததால், 1967-ல் சிறுத்தைகள் தாங்களே நடுச்சாலையில் நின்று வண்டிகளை மறித்துப் பிள்ளைகளைக் கடக்கவைத்தார்கள். அந்த ஆண்டே விளக்கு வந்துவிட்டது. ஹியூ நியூட்டனும் பாபி சீலும் 1966 அக்டோபரில் கட்சியைத் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத காலம் அது.

1969 ஜனவரியில் செயின்ட் அகஸ்டின் தேவாலயத்தில் கட்சி தொடங்கிய இலவசக் காலை உணவை அவர் சிறுவனாகச் சாப்பிட்டிருக்கிறார். முட்டை, சோளக்கஞ்சி, ரொட்டி, பால். பால் ஊற்றிய இளைஞர் தம் கறுப்புத் தோல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, யாரோ ஒரு பாட்டியின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்களாம். அவரும் சிரித்துவிட்டு, தட்டைக் காலி செய்தால்தான் பள்ளிக்கூடம் என்று மிரட்டினாராம். அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் இயக்குநர் எட்கர் ஹூவருக்கு அந்த ஆண்டு மே மாதத்திலேயே இந்தச் சாப்பாடு பெருங்கவலையாகிவிட்டது. கட்சியை முடக்க நினைப்பவர்களுக்கு ஆகப்பெரிய இடைஞ்சல் இந்தத் திட்டமாகவே இருக்கக்கூடும் என்று தம் அதிகாரிகளுக்கு அவர் எழுதியிருக்கிறார். ஒரு தட்டு முட்டைக்குப் போலீஸ் துறை பயந்த கதை வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெமிலிருந்து:

சிறுத்தைகளுக்கு ஒரு தலைமுறைக்கும் முன்பே, மார்கஸ் கார்வி என்ற கறுப்பினத் தலைவரின் பின்னால் இதைவிடப் பெரிய கூட்டம் இங்கே கூடியிருக்கிறது. என்னுடன் வேலை பார்க்கும் பெண்மணியின் வீட்டு வரவேற்பறையில், கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருக்கும் ஒரு பங்குப் பத்திரத்தைப் பார்த்தேன். அவருடைய கொள்ளுத்தாத்தா, கார்வியின் பிளாக் ஸ்டார் லைன் கப்பல் நிறுவனத்தில் வாங்கிய பங்கு அது. அன்றைய விலை 5 டாலர். அந்தக் கொள்ளுத்தாத்தா ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவியவர். மடித்து மடித்து வைத்திருந்ததில் தாள் நான்காகக் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாளால் பிடித்திருக்கிறது.

ஜமைக்காவில் பிறந்த கார்வி 1916-ல் அமெரிக்கா வந்தார். 1920 ஆகஸ்ட் மாநாட்டின்போது மேடிசன் ஸ்குவேர் கார்டனில் சுமார் 25,000 பேரைத் திரட்டும் அளவுக்கு அவர் தொடங்கிய கறுப்பர் முன்னேற்றச் சங்கம் வளர்ந்துவிட்டது. சிவப்பு, கறுப்பு, பச்சைக் கொடி அந்த மாநாட்டில் வந்ததுதான். வெள்ளையரிடம் உரிமை கேட்டு நிற்பதைவிட நமக்கென்று வணிகமும் கப்பலும் ஆப்பிரிக்காவில் நாடும் வேண்டும் என்ற அவருடைய பேச்சு, முதல் உலகப் போரிலிருந்து திரும்பி வந்தும் அடி வாங்கிய மக்களிடம் தீயாகப் பரவியது. ஆனால் அந்த மக்கள் காசில் 1,65,000 டாலருக்கு வாங்கிய முதல் கப்பலான யார்மவுத், கார்வி பிறந்த அதே 1887-ல் கட்டப்பட்ட ஓட்டைக் கப்பல். விற்றவன் ஏமாற்றினான், நடத்தியவர்களுக்கு அனுபவம் இல்லை, 1922-ல் நிறுவனம் மூழ்கியது. அரசு அவர்மீது தபால் மோசடி வழக்குப் போட்டு 1923-ல் தண்டனை வாங்கிக் கொடுத்து, 1927-ல் நாடுகடத்தியது. அந்த வழக்குக்கு அடித்தளம் போட்டவர்களில் இளம் அதிகாரியாக இருந்த இதே ஹூவரும் ஒருவர்.

வழக்கில் அநியாயம் இருந்தது உண்மை. 2025 ஜனவரியில் அதிபர் பைடன் கார்விக்கு மரணத்துக்குப் பின்னான மன்னிப்பும் வழங்கிவிட்டார். ஆனாலும் 1922-ல் வெள்ளையின வெறிக் குழுவான கூ கிளக்ஸ் கிளானின் தலைவர் ஒருவரை அட்லாண்டாவில் போய்ச் சந்தித்ததற்கு அவரைத் தவிர வேறு யாரையும் குறைசொல்ல முடியாது. சொந்த மக்களிலேயே பலர் அதன்பின் அவரை வெளியேற்றக் கோரினார்கள். பங்குப் பத்திரம் வைத்திருக்கும் என் தோழியோ, பணம் போனதைப் பற்றி வீட்டில் யாரும் வருத்தப்பட்டுக் கேட்டதில்லை என்கிறார். கார்வி போனபின் அவருடைய ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை: பின்னாளில் கறுப்பினத் தலைவராகப் புகழ்பெற்ற மால்கம் எக்ஸின் தாயும் தந்தையும் கார்வியின் சங்கத்தில் உழைத்தவர்கள்.

சிகாகோவிலிருந்து:

மேற்கு மன்றோ தெருவில் 2337-ஆம் எண் வீடு இப்போது இல்லை. 1969 டிசம்பர் 4 விடிவதற்கு முன் போலீசார் அங்கே நுழைந்து, படுக்கையில் கிடந்த, கருஞ்சிறுத்தைகளின் இல்லினாய்ஸ் கிளைத் தலைவரான 21 வயது ஃப்ரெட் ஹாம்ப்டனையும், முன்னறையில் இன்னோர் உறுப்பினரான மார்க் கிளார்க்கையும் சுட்டுக் கொன்றார்கள். போலீஸ் தரப்பில் 90-க்கும் மேற்பட்ட குண்டுகள், சிறுத்தைகள் தரப்பில் ஒரே ஒரு குண்டு. வீட்டின் வரைபடத்தை எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்தவர் ஹாம்ப்டனின் பாதுகாப்புப் பொறுப்பிலேயே இருந்த உளவாளி வில்லியம் ஓநீல். போலீசார் வீட்டைப் பூட்டி முத்திரையிடாமல் போனதால், கட்சியினர் கதவைத் திறந்துவிட்டு மக்களை உள்ளே அழைத்துக் காட்டினார்கள். நான் பழகிய தேவாலயத்து மூதாட்டி ஒருவர் அந்த வரிசையில் குளிரில் நின்றவர். சுவரில் இருந்த ஓட்டைகள் எல்லாம் ஒரே திசையிலிருந்து வந்திருப்பது பள்ளிக்கூடம் போகாத தம் தாய்க்கும் புரிந்தது என்றார் அவர்.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். எஃப்.பி.ஐ. கோப்புகளில் சிறுத்தைகள் ‘கறுப்பினத் தேசியவாத வெறுப்புக் குழு’. ஆனால் ஹாம்ப்டன் சாவதற்கு முன் கட்டிக்கொண்டிருந்தது, போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களையும் அப்பலாச்சிய மலைப்பகுதியிலிருந்து வந்த ஏழை வெள்ளையரையும் சேர்த்த ஒரு கூட்டணி. இப்படி உளவு பார்த்து முடக்கும் எஃப்.பி.ஐ.யின் ரகசிய வேலைகள் வெளியே வந்தது 1971 மார்ச் 8 இரவில். பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில், ஊரே முகமது அலி - ஃப்ரேசியர் குத்துச்சண்டையில் மூழ்கியிருந்த நேரத்தில் சில குடிமக்கள் எஃப்.பி.ஐ. அலுவலகத்தை உடைத்துக் கோப்புகளை அள்ளிச் சென்றார்கள். ஹாம்ப்டன், கிளார்க் குடும்பத்தாருக்கும் உயிர்தப்பியவர்களுக்கும் 1982-ல் 18.5 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. சுட்டவர்கள் யாரும் சிறைக்குப் போகவில்லை.

மீண்டும் ஓக்லாந்து, வேறோர் உறுப்பினர்:

கட்சி சரிந்த பழி எல்லாவற்றையும் ஹூவர் தலையில் கட்டிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. 1973-லிருந்து 1982 வரை கட்சி இங்கே நடத்திய ஓக்லாந்து சமூகப் பள்ளியில் பாடம் எடுத்த ஆசிரியை ஒருவரை நூலகத் தன்னார்வப் பணியில் சந்தித்தேன். எரிக்கா ஹக்கின்ஸ் நிர்வாகத்தில் அந்தப் பள்ளி எவ்வளவு நன்றாக நடந்தது என்பதற்கு 1977-ல் கலிபோர்னியச் சட்டமன்றமே பாராட்டு வழங்கியது சான்று. பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு. தவறு செய்த பிள்ளையை விசாரிக்கப் பிள்ளைகளே அமர்ந்த ஒரு குழு. ஆசிரியை அதைச் சொல்லும்போது, எட்டு வயது நீதிபதி ஒருவன் தன் தம்பிக்கே கரும்பலகை துடைக்கும் தண்டனை கொடுத்ததை நடித்துக் காட்டினார்.

1971-ல் நியூட்டனும் கட்சியின் இன்னொரு தலைவரான எல்ட்ரிட்ஜ் கிளீவரும் பிரிந்ததற்கு எஃப்.பி.ஐ.யின் போலிக் கடிதங்கள் தூபம் போட்டன என்பது உண்மை. ஆனால் ஊர் ஊராக இருந்த கிளைகளை மூடி எல்லோரையும் ஓக்லாந்துக்கு வரச்சொன்னது தலைமையின் சொந்த முடிவு. 1973 மேயர் தேர்தலில் சீல் தோற்றதும் வந்தவர்கள் கலைந்தார்கள். கட்சியின் கணக்குகளைப் பார்த்த பெட்டி வான் பேட்டர் 1974 டிசம்பரில் காணாமல் போய், மறுமாதம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பிணமாகக் கிடைத்தார். அந்த வழக்கில் இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. நியூட்டன் கோகெய்னுக்கு அடிமையானார். பள்ளிக்கு அரசு கொடுத்த 15,000 டாலர் காசோலையைத் தனக்கென மாற்றிக்கொண்ட குற்றச்சாட்டை அவர் 1989-ல் எதிர்த்து வாதாடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் மேற்கு ஓக்லாந்துத் தெருவில் சுடப்பட்டு இறந்தார். பள்ளியை மூடவைத்தவர்கள் நாங்களேதான் என்று ஆசிரியை சொன்னபோது அவர் குரலில் கோபம்தான் இருந்தது.

டெட்ராய்ட் பக்கம் இருப்பவர்கள் யாரேனும் எழுதினால் நல்லது. 1930-ல் கறுப்பின முஸ்லிம் இயக்கமான நேஷன் ஆஃப் இஸ்லாம் தோன்றியதும், 1968-ல் தெற்கின் 5 மாநிலங்களைத் தனிநாடாகக் கேட்ட புதிய ஆப்பிரிக்கக் குடியரசு அறிவிக்கப்பட்டதும் அந்நகரில்தான். இங்கே இதுவரை அவற்றை யாரும் தொடவில்லை.