பழ ஈ சூலகம்: கேப் செல் பெருகியதால் ஸ்டெம் செல் கூடியதா என்று எப்படி உறுதி செய்வது?

கேள்வி:
நானோஸ்-கால்4 (ஜெர்ம் செல்களில் மரபணுவை இயக்கும் கருவி) கொண்டு ஜெர்ம் செல்களில், அதாவது முட்டையை உருவாக்கும் வழிச் செல்களில், டெல்ட்டாவை (பக்கத்துச் செல்லில் நாட்ச் ஏற்பியைத் தூண்டும் புரதம்) கூட்டும்போது ஜெர்மேரியத்தில் (ஸ்டெம் செல்கள் இருக்கும் சூலக நுனிப் பகுதி) உருண்டை ஸ்பெக்ட்ரோசோம் (ஜெர்ம் செல்லுக்குள் இருக்கும் ஓர் உறுப்பு) உள்ள செல்கள் 10-ஐத் தாண்டுகின்றன. கண்ட்ரோலில் 4 அல்லது 5 தான். 1பி1 சாயம் (ஸ்பெக்ட்ரோசோமைக் காட்டும் ஆன்டிபாடி) மட்டும் போட்டது. நிஷ் (ஸ்டெம் செல்லைத் தாங்கும் சூழல், முக்கியமாகக் கேப் செல்கள்) பெருத்ததால் ஸ்டெம் செல் கூடியது என்று இதை எழுதலாமா?

பதில் 1:
இப்போதைக்கு எழுதாதீர்கள். சிஸ்டோபிளாஸ்ட்டிலும் (ஸ்டெம் செல் பிரிந்து உருவாகி, முதிரத் தொடங்கும் மகள் செல்) ஸ்பெக்ட்ரோசோம் உருண்டையாகத்தான் இருக்கும். ஜெர்ம் செல்லை முதிர வைக்கும் பாம் மரபணு கெட்ட ஈயில் கேப் செல் ஒன்றுகூடக் கூடாமலே ஜெர்மேரியம் முழுக்க இப்படிப்பட்ட செல்கள் அடைத்துக்கொள்ளும்.

அதே சாயத்தில் லேமின் சி ஆன்டிபாடியையும் கலந்துவிடுங்கள். இரண்டும் சுண்டெலி ஆன்டிபாடி, ஒரே சேனலில்தான் வரும். ஆனாலும் குழப்பம் வராது. லேமின் சி நியூக்ளியஸைச் சுற்றி வளையமாகத் தெரியும், 1பி1 ஜெர்ம் செல்லுக்குள் பொட்டாகத் தெரியும். நுனியில் அடுக்கிய காசு போல இருப்பவை டெர்மினல் ஃபிலமென்ட். அதன் அடியில் உருண்டு திரண்டிருப்பவை கேப் செல்கள், வழக்கமாக 5 முதல் 7. அவற்றை ஒட்டி, ஸ்பெக்ட்ரோசோம் கேப் செல் பக்கமாக இருக்கும் ஜெர்ம் செல்லை மட்டும் ஸ்டெம் செல்லாக எண்ணுங்கள். இயல்பான ஜெர்மேரியத்தில் 2 அல்லது 3 கிடைக்கும்.

கன்ஃபோக்கலில் 1 மைக்ரான் அல்லது அதற்கும் குறைந்த இடைவெளியில் அடுக்கு எடுத்து, ஒவ்வொரு தளமாகப் பார்த்து எண்ண வேண்டும். எல்லாத் தளங்களையும் ஒன்றாக அழுத்திய படத்தில், மேலும் கீழுமாக இருக்கும் செல்கள் ஒட்டியிருப்பது போலவே தெரியும். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன.

பதில் 2:
தொடுதலோடு சிக்னலையும் பாருங்கள். கேப் செல்லிலிருந்து வரும் டிபிபி என்ற சிக்னல் புரதம், ஜெர்ம் செல்லில் மேட் புரதத்தைப் பாஸ்பேட் ஏற்றித் தூண்டி, பாமை அடக்கிவைக்கிறது. டிபிபி இல்லாமல் ஸ்டெம் செல் நிலைக்காது என்பதை ஷியே, ஸ்பிராட்லிங் இருவரும் 1998-லேயே காட்டிவிட்டார்கள். இந்தச் சிக்னல் ஏறத்தாழ ஒரு செல் அகலம்தான் எட்டும். ஆகவே பாஸ்போ-மேட் (பாஸ்பேட் ஏறிய மேட்) ஒளிர்ந்து பாம்-ஜிஎஃப்பி (பாம் இயங்கினால் பச்சையாக ஒளிரும் அடையாளம்) அணைந்திருந்தால் ஸ்டெம் செல். நேர்மாறாக இருந்தால் சிஸ்டோபிளாஸ்ட். கேப் செல்லைத் தொடாமல் தள்ளி இருப்பவற்றிலும் பாஸ்போ-மேட் ஒளிர்ந்தால் எஸ்கார்ட் செல்களை (ஜெர்ம் செல்களைச் சூழ்ந்திருக்கும் துணைச் செல்கள்) சந்தேகியுங்கள். அங்கே இஜிஎஃப்ஆர் ஏற்பியின் சிக்னல் குறைந்தால், டிபிபி பரவ உதவும் டேலி புரதம் ஏறும், டிபிபி எல்லை மீறிப் பரவும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வளர்ந்த ஈயில் மட்டும் நாட்ச்சைத் தூண்டிப் பார்த்தால் போதுமா?

பதில் 3:
போதாது. கேப் செல்கள் லார்வா முடிந்து கூட்டுப்புழு தொடங்கும் கட்டத்தில் உருவாகின்றன. வளர்ந்த ஈயில் அவை பொதுவாகப் பிரிவதில்லை. கால்80-டிஎஸ் (குளிரில் கால்4-ஐ அடக்கி, சூட்டில் விட்டுவிடும் புரதம்) சேர்த்து 18 டிகிரியில் வளர்த்து, மூன்றாம் பருவ லார்வாவில் 29 டிகிரிக்கு மாற்றுங்கள். கண்ட்ரோலும் அதே நேரத்தில் அதே வெப்பத்துக்குப் போக வேண்டும்.

உணவிலும் கவனம் தேவை. இன்சுலின் சிக்னல் நாட்ச் வழியாகக் கேப் செல்களைக் காக்கிறது. ஈஸ்ட் குறைந்த குப்பியில் வளர்ந்த ஈயில் கேப் செல்லும் ஸ்டெம் செல்லும் சேர்ந்தே குறையும், அதை மரபணுவின் விளைவென்று எண்ணிவிடுவோம். இரு குழுவுக்கும் ஈர ஈஸ்ட் பேஸ்ட்டைத் தினமும் புதிதாக வையுங்கள், ஒரே வயதுப் பெண் ஈக்களையே அறுத்துப் பாருங்கள்.