ஒளுவில் தீராத சந்தேகம்: பர்மிங்ஹாமில் இருப்பவர்கள் உதவுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். என் தம்பி பர்மிங்ஹாமில் படிக்கிறான். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளு செய்யக் குழாயடியில் நின்றால் முக்கால் மணி நேரம் ஆகிறது. முழங்கை நனைந்ததா என்ற சந்தேகம் தீராமல் திரும்ப முகத்திலிருந்து ஆரம்பிக்கிறான். விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிகிறது. தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிய பிறகும், நிய்யத் (தொழும் எண்ணம்) சரியாக வைத்தோமா என்று கையை விட்டுவிடுகிறான்.

ஊரில் "ஷைத்தானின் வஸ்வாஸ் (மனதில் போடும் ஊசலாட்டம்), இன்னும் அதிகமா ஓதச் சொல்லு" என்கிறார்கள். ஆனால் ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். அங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் மூலம் தெரபியும் தொடங்கியாச்சு. சந்தேகம் வந்தாலும் திரும்பக் கழுவாமல் அந்தப் பதற்றத்தைத் தாங்கிப் பழகுவதுதான் சிகிச்சை. அப்படிச் செய்தால் தொழுகை கூடாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறான். உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் (மார்க்கச் சட்டத்தின்) அடிப்படை விதி. மார்க்கமே அவனுக்குச் சலுகை தருகிறது. அக்கா நான் சொன்னால் மனதில் ஏறவில்லை.

ஷாஃபி மத்ஹபு (சட்டப் பிரிவு) ஓதிய, ஓசிடியைப் பற்றியும் தெரிந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) யாராவது அவனிடம் தமிழில் பேசுவார்களா? தெரபிஸ்டோடு ஒருமுறை சேர்ந்து பேசினால் இன்னும் நல்லது. அப்புறம், அங்கே முஸ்லிம் தெரபிஸ்ட் யாரிடமாவது போய்ப் பலன் கண்டவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். துஆவும் செய்யுங்கள்.