'ரைசர்' என்பதற்கு 'ஊட்டுகுளம்'

அண்ணாச்சிக்கும் டீச்சருக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

வீட்டில் உலோகப் பம்பரம் வார்ப்பதற்கான கையேட்டுக்கு நாம் சேர்த்துவரும் சொற்பட்டியலில், வார்ப்பு உறையும்போது அதற்கு உலோகம் ஊட்டும் குழியான 'ரைசர்' மட்டும் இழுபறியாக நிற்கிறது. ஏறுகுழாய், எழுகுழல், தக்கலை அண்ணாச்சி சொன்ன மறுகால், டீச்சர் சொன்ன ஊட்டுக்கொடி ஆகியவை இதுவரை வந்திருக்கின்றன. ரைசர் என்றே விட்டுவிடலாம் என்றும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நான் 'ஊட்டுகுளம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். பட்டியலில் உள்ள மற்ற சொற்களில் பிசகு வந்தால் வாசிப்பவருக்குக் கொஞ்சம் குழப்பம் ஏற்படும், அவ்வளவுதான். இந்த ஒன்றில் பிசகினால் பம்பரமே கெட்டுப்போகும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உருகிய உலோகம் உறையும்போது சுருங்கும். தூய அலுமினியம் உறையும் கட்டத்தில் மட்டும் கன அளவில் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் குறையும். பித்தளையில் இது கொஞ்சம் குறைவு. அச்சின் சுவரைத் தொடும் உலோகம் முதலில் உறைந்து தோல் கட்டிவிடும். உள்ளே இருப்பது அப்புறம்தான் உறையும். கடைசியாக உறையும் இடத்துக்கு உலோகம் போதாமல் போய், அங்கே பொள்ளல், அதாவது உள்ளே ஒரு வெற்றிடம், விழும். பம்பரத்தில் தடிமன் அதிகமான இடம் நடுப்பகுதிதானே, பொள்ளலும் அங்கேதான் விழும். அது சரியாகப் பம்பரம் சுழலும் அச்சுக்கோட்டின் மேலேயே அமைந்தால்கூடப் பெரிய கேடில்லை. பெரும்பாலும் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் விழுகிறது. அப்போது எடைமையம் அச்சுக்கோட்டை விட்டு விலகிவிடும். வெளியே எவ்வளவு நேர்த்தியாகக் கடைசல் பிடித்தாலும், முனையில் நல்ல பால்ரஸ் (பால் பேரிங்) குண்டு பதித்தாலும், அந்தப் பம்பரம் சுற்றும்போது நடுங்கும்.

இதைத் தடுக்கத்தான் ரைசர். வார்ப்புக்குப் பக்கத்திலோ மேலேயோ ஒரு குழியை விட்டு, அதிலும் உலோகத்தை நிரப்புகிறோம். வார்ப்பு உறைந்து முடியும் வரை அந்தக் குழியில் உலோகம் திரவமாகவே நிற்க வேண்டும். வார்ப்பு சுருங்கச் சுருங்க அதிலிருந்து உலோகம் இறங்கி ஈடுகட்டும். பொள்ளல் வார்ப்பை விட்டு அந்தக் குழிக்கு இடம் மாறிவிடும். பிறகு அந்தப் பகுதியை அறுத்து எடுத்து மறுபடி உருக்கிக்கொள்ளலாம்.

சரி, 'ரைசர்' என்ற பெயர் இதில் எதைச் சொல்கிறது? உலோகம் மேலே ஏறி வருகிறது என்பதை மட்டும். ஏறுகுழாயும் எழுகுழலும் அதையே தமிழில் சொல்கின்றன. புதிதாக வார்க்க வருகிறவர் மேலே உலோகம் எட்டிப்பார்த்ததும் அச்சு நிரம்பிவிட்டது, குழாயின் வேலை முடிந்தது என்று எண்ணிக்கொள்வார். அதன் உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. ஊற்றுவதோடு நின்றுவிடும் பெயர் நமக்கு வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். லேத், பால்ரஸ் போன்றவற்றை நாம் அப்படியே வைத்துக்கொண்டோம், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அந்தச் சொற்கள் யாரையும் தவறான இடத்துக்குக் கொண்டுபோவதில்லை. ரைசர் கொண்டுபோகிறது.

அண்ணாச்சியின் மறுகால் நம் மண்ணின் சொல். நாஞ்சில் நாட்டில் குளம் நிரம்பினால் மறுகால் பாய்வதைப் பார்க்காதவர் யார்? ஆனால் மறுகாலில் போன தண்ணீர் திரும்பி வராது, அண்ணாச்சி. அது மிச்சத்தை வெளியேற்றும் வழி. நமக்கு வேண்டியதோ உலோகத்தைத் திருப்பிக் கொடுக்கும் உறுப்பு. அதற்காக உங்கள் சொல்லை விட்டுவிட வேண்டியதில்லை. வார்ப்புப் பெட்டியில் உண்மையாகவே ஒரு மறுகால் உண்டு. அச்சு நிரம்பியதும் முதலில் வந்த குளிர்ந்த, கசடு கலந்த உலோகம் வழிந்து வெளியேற ஒரு சிறு வழி விடுகிறோமே, அதற்கு 'மறுகால்' அப்படியே பொருந்தும். அதை அந்த இடத்தில் வைத்துக்கொள்வோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டீச்சரின் ஊட்டுக்கொடியை விட எனக்கு மனமே இல்லை. பிள்ளைக்கு ஊட்டுவது, பிறந்ததும் அறுக்கப்படுவது என்ற இரண்டையும் ஒரே சொல்லில் கொண்டுவந்துவிட்டீர்கள். மெழுகு உருக்கி வார்ப்பவர்கள் உருவத்தில் ஒட்டும் மெழுகுத் தண்டுகளுக்கு அந்தச் சொல்லை நான் முழு மனதோடு ஏற்பேன். ஆனால் கொடி என்றாலே மெல்லியது. நம் உறுப்பு மெல்லியதாக இருக்கவே கூடாது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

1940-இல் ச்வோரினோவ் என்ற பொறியாளர் வகுத்த விதி இது: ஒரு வார்ப்பு உறைய எடுக்கும் நேரம், அதன் கன அளவை வெளிப்பரப்பால் வகுத்தால் வரும் எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 50 மில்லிமீட்டர் விட்டமும் 15 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள வட்டுப் பம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் ஏறத்தாழ 4.7 மில்லிமீட்டர் வரும். ரைசருக்கு இதைப்போல் 1.2 மடங்கு இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் வழக்கமான கணக்கு, அதாவது 5.6. பம்பரத்தின் தலையில் நிற்கும், உயரமும் விட்டமும் சமமான உருளையில் இதை எட்ட, விட்டம் 28 மில்லிமீட்டர் வேண்டும். பம்பரத்தின் கன அளவு 29 கன சென்டிமீட்டருக்குச் சற்று மேல், ரைசருடையது 17-க்குச் சற்று மேல். துத்தநாகத்தில் வார்த்தால் பம்பரம் 210 கிராம், அதற்கு ஊட்டுவது 120 கிராம். பாதிக்கும் மேல்! 'கொடி' என்று படிக்கிற பையன் விரல் தடிமனில் ஒரு துளை போட்டுவிட்டுப் போய்விடுவான். அது பம்பரத்துக்கு முன்பே உறைந்துவிடும். அப்புறம் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

இதனால்தான் குளம் என்கிறேன். குளம் என்றால் கொள்ளளவு என்ற எண்ணம் தானாகவே வந்துவிடும். வயல் விளையும் வரை குளம் வற்றக் கூடாது என்பது கோதையாற்றுத் தண்ணீரையும் பழையாற்றையும் நம்பி இரண்டு பூ (போகம்) விளைவித்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வார்ப்பு உறையும் வரை ரைசர் உறையக் கூடாது என்ற விதியும் அதேதான். குளத்தின் மட்டம் வயலைவிட உயர்ந்திருக்க வேண்டும் என்பதும் இங்கே பொருந்துகிறது. உலோகமும் தன் எடையாலும் காற்றழுத்தத்தாலும்தான் வார்ப்புக்குள் இறங்குகிறது.

மற்றச் சொற்களும் இதோடு சேர்ந்து வருகின்றன. உலோகத்தை ஊற்றும் கிண்ணம் ஊற்றுவாய். அதிலிருந்து நெட்டுக்குத்தாக இறங்குவது இறங்குகால். கிடையாக ஓடுவது ஓடுகால். வார்ப்புக்குள் நுழையும் குறுகிய வாசல் மடை. அனந்தனார் கால், பாண்டியன் கால் என்று கால்வாயைக் கால் என்றே சொல்லிப் பழகிய நமக்கு இவற்றில் எதுவும் புதிதாகக் கேட்காது. ஓடுகாலுக்கும் மடைக்கும் நடுவில் ரைசரை வைத்தால் சூடான உலோகம் அதில் தங்கும் என்பது வார்ப்படக்காரர்களின் அனுபவம். காலிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வயல் என்ற வரிசையும் அப்படியே வந்துவிடுகிறது. சின்னப் பம்பரத்துக்கு இவ்வளவு வழிகள் வேண்டாம். பம்பரத்தின் மேல் நடுவில் இருக்கும் குளத்தின் வழியாகவே நேராக ஊற்றிவிடலாம். கடைசியில் ஊற்றிய மிகச் சூடான உலோகம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும். பிடிக்கும் காம்பையும் அந்தக் கட்டியிலிருந்தே கடைந்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பொள்ளல் அதற்குள் இறங்காத அளவுக்குக் குளம் உயரமாக இருக்க வேண்டும்.

இந்தச் சொல்லால் இன்னொரு பெரிய பயன் உண்டு. உறைந்த பின் ரைசரின் தலை புனல்போல் உள்வாங்கியிருந்தால் அது வேலை செய்திருக்கிறது என்று பொருள். தலை மட்டமாகவே இருந்தால் சந்தேகப்பட வேண்டும், பொள்ளல் உள்ளே எங்கோ இருக்கலாம். கையேட்டில் இதை எழுத ஒரே வரி போதும்: 'குளம் வற்றியிருக்கிறதா பாருங்கள்.' அந்தப் புனலுக்கு 'வற்றுகுழி' என்று பெயர் வைக்கலாம். குளத்தின் மேல் நன்றாகக் காய்ந்த உமிச்சாம்பலைத் தூவினால் சூடு வெளியேறாமல் நிற்கும். எஃகு ஆலைகளில் உருகிய எஃகின் மேல் மூடுவதற்கும் இதே உமிச்சாம்பலைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் நெல் ஆலைகளில் அதற்குப் பஞ்சமே இல்லை. 'காய்ந்த' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம் கன்னியாகுமரி, இங்கே சாம்பலும் மண்ணும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உருகிய உலோகத்துக்கு அடியில் ஈரம் அகப்பட்டால் ஒரு நொடியில் ஆவியாகி உலோகத்தை முகத்தில் அடித்துவிடும்.

'ஊட்டுத்தலை' என்று ஒரு நண்பர் தனியாக எழுதியிருந்தார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான டச்சுக் கம்பெனித் தளபதி டிலனாய் காலத்தில், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் பட்டறை நடந்தது. அந்தக் காலத்து ஐரோப்பிய முறையில் பீரங்கியை வாய் மேலே இருக்கும்படி நிறுத்தி, வாய்க்கு மேல் கூடுதலாக ஒரு தலையையும் சேர்த்து வார்த்து, பின்னால் அதை அறுத்துவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் தலை என்பது பொருத்தமான சொல்தான். ஆனால் பம்பரத்துக்கே தலை உண்டு. 'தலையை அறுக்கவும்' என்று எழுதினால் எந்தத் தலை என்ற கேள்வி வரும். இதனால்தான் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

எழுத்து பற்றி: 'ஊட்டுக்குளம்' என்று க் சேர்த்து எழுத வேண்டாம். ஊறுகாய், சுடுகாடு போல இது வினைத்தொகை, ஒற்று மிகாது. ஊட்டிய, ஊட்டுகிற, ஊட்டும் குளம் என்று மூன்று காலத்துக்கும் விரியும்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அளவான ஈரமும் களியும் சேர்ந்த, சுடாத வார்ப்பு மண்ணுக்குப் 'பச்சை மண்' என்று ஒருவர் எழுதியதை நிறக்குழப்பம் வரும் என்று சிலர் மறுத்திருந்தார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டாது என்று சொல்லும்போது யாரும் நிறத்தை நினைப்பதில்லை. அப்புறம், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை அள்ளி அச்சுக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடவே கூடாது. அங்கே அரசு ஆலையில் பிரித்தெடுக்கும் சிர்கான் மணல் வார்ப்படத் தொழிலில் மதிப்புள்ளது என்பது உண்மை. அது வெப்பத்தை வேகமாக இழுக்கும், சூட்டில் அதிகம் விரியாது. ஆனால் கடற்கரையில் கிடப்பது வெறும் சிர்கான் அல்ல. கதிரியக்கம் கொண்ட தோரியம் உள்ள மோனசைட்டும் அதில் கலந்திருக்கிறது, உப்பும் சிப்பித்தூளும் வேறு. சட்டப்படியும் அதை அள்ள முடியாது. ஆற்று மணலைச் சலித்துப் பெண்டோனைட் களி சேர்த்தால் நம் பம்பரத்துக்கு அதுவே போதும்.

கையேட்டில் சேர்க்க நான் எழுதிய விளக்கம்: 'ஊட்டுகுளம்: வார்ப்பு உறையும்போது ஏற்படும் சுருக்கத்தை ஈடுகட்ட உருகிய உலோகத்தைத் தேக்கி வைக்கும் குழி. இது வார்ப்புக்குப் பின்னரே உறைய வேண்டும். உறைந்த பின் அறுத்தெடுக்கும் பகுதி ஊட்டுகட்டி.'

டீச்சர், ஊட்டுகட்டி என்பது வகுப்பில் பிள்ளைகள் வாயில் எப்படி வருகிறது என்று சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அண்ணாச்சி, மறுகாலை நான் சொன்ன இடத்துக்கு மாற்றச் சம்மதமா? இந்த இரண்டும் முடிந்தால் அடுத்து 'டிராஃப்ட்' இருக்கிறது. மாதிரி உருவை மண் உதிராமல் உருவி எடுக்கப் பக்கச் சுவரில் விடும் ஒன்றிரண்டு பாகைச் சரிவு அது. 'உருவுசரிவு' என்று நான் குறித்து வைத்திருக்கிறேன், இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.