ஏ பக்கம் மட்டும் சுதி தூக்கல்: கோளாறு கேசட்டிலா, என் காதிலா?

பாலாற்று மணல்:
வணக்கம். ஊர் காட்பாடி காந்தி நகர், வயது 54. போன வாரம் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது பழைய கேசட் பெட்டியும் டெக்கும் கீழே இறங்கின. டெக்கின் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. சத்துவாச்சாரியில் ஒருவரிடம் கொடுத்துப் புது பெல்ட் போட்டு வாங்கி வந்தேன். அன்றிலிருந்து தூக்கம் போச்சு.

விஷயம் அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பம். சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டு டாக்டர் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போன எல்பி ரெக்கார்டுகளில் அதுவும் ஒன்று. எங்கள் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. 1988இல் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில் கொடுத்து 60 நிமிடக் கேசட்டில் ஏற்றினேன். "என்ன தம்பி, பாட்டே இல்ல, வெறும் பீப்பியா இருக்கு" என்றார் கடைக்காரர். ஏ பக்கத்தில் ஐந்து நிமிடம் மிச்சமிருந்தது. டேப் வீணாகக் கூடாதென்று அவராகவே ஒரு இளையராஜா பாட்டைப் போட்டு நிரப்பினார், அதுவும் இரண்டாம் சரணத்தில் அறுந்துவிடும். இன்றைக்கும் அந்தப் பக்கத்தின் கடைசி ஜாஸ் பாட்டான 'புளூ இன் கிரீன்' கரைந்து முடிந்தால் என் காது தபேலாவுக்குத் தயாராகிவிடும்.

இப்போது சிக்கல். மகளுடைய கீபோர்டில் ஏ பக்கத்து முதல் பாட்டு 'ஸோ வாட்'டின் பேஸ் வரியைக் கூடவே வாசித்துப் பார்த்தேன். அதே பாட்டைப் போனில் போட்டுக் கேட்டால் சுதி இரண்டு கட்டையில் அச்சாகச் சேர்கிறது. கேசட்டில் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே எங்கேயோ நிற்கிறது. சரி, டெக் வேகமாக ஓடுகிறது என்று பார்த்தால், பி பக்கத்து 'ஆல் புளூஸ்' ஐந்து கட்டையில் பிசகாமல் உட்காருகிறது! ஒரே கேசட், ஒரே டெக். இது எப்படி?

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தத் தூக்கலான ஏ பக்கம்தான் பிடிக்கிறது. போனில் வருவது மதியச் சாப்பாடு முடித்துவிட்டு வாசித்த மாதிரி இருக்கிறது.

என் காதை நம்பவும் பயமாக இருக்கிறது, ஏற்கெனவே ஒரு முறை மானம் போயிருக்கிறது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கிய ஆல்பம், ஞாபகம் இருக்கும். அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' ஓடும்போது டெக் டேப்பைத் தின்றுவிட்டது. கசங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு செல்லோ டேப்பால் ஒட்டினேன். ஒட்டியதை மறந்தும் போனேன். வயலின் அந்த இடத்தில் சட்டென்று தாவும். "பார், ராஜா எப்படித் தாண்டுகிறார்!" என்று பத்து வருஷம் நண்பர்களிடம் அளந்திருக்கிறேன். பிறகு சிடியில் கேட்டால் தாவலே இல்லை.

அதே பெட்டியில், ஆங்கிலேய கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் நம்மூர்க் கலைஞர்களோடு வாசித்த 'சக்தி' குழுவின் முதல் ஆல்பமும் இருந்தது. 18 நிமிடம் ஓடும் 'ஜாய்' கேட்டுவிட்டு அம்மா அன்று சொன்னது: "அந்த வெள்ளைக்காரன் மூச்சே விடமாட்டானா? கடம் வாசிக்கிறவருக்கு யாராவது தண்ணி கொடுங்கடா."

குடியாத்தம் டெக்:
சார், முப்பது வருஷமாக டெக் ரிப்பேர்தான் தொழில். இப்போது மாசம் ஒன்று வந்தாலே பெரிசு. வேகம் மாறினால் பெல்ட், டேப்பை அழுத்தி இழுக்கிற பிஞ்ச் ரோலர், மோட்டார் மூன்றையும் பார்ப்போம். மோட்டார் முதுகில் சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே ஸ்க்ரூ. அதைத் திருப்பினால் சுதி ஏறும், இறங்கும். பேட்டரி இறங்கினால் ஜானகி அம்மா எஸ்பிபி ஆகிவிடுவார், அதுவும் பார்த்திருப்பீர்கள். ஆனால் இதெல்லாம் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கெடுக்கும். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ஏ பக்கக் கடைசியில் கடைக்காரர் போட்ட பாட்டு, அதுவும் தூக்கலா?

பாலாற்று மணல்:
இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். போனோடு அப்படியே சேர்கிறது. தூக்கல் இல்லை.

குடியாத்தம் டெக்:
அப்படியானால் உங்கள் டெக்கும் சுத்தம், கடைக்காரர் டெக்கும் சுத்தம். எல்பியிலேயே வந்திருக்கிறது.

ஆரணி ரோடு:
அவர் சொன்னதுதான் சரி, எல்பியில்தான் கோளாறு. அந்த ஆல்பத்தை நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில் 1959இல் இரண்டே நாளில் பதிந்தார்கள். ஏ பக்கத்து மூன்று பாட்டும் மார்ச் 2, பி பக்கத்து இரண்டும் ஏப்ரல் 22. முதல் நாள் மாஸ்டர் டேப், அதாவது மூலப் பதிவு, எடுத்த மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுதி ஏறத்தானே செய்யும்? முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே அந்த ஏறிய சுதியில்தான் கேட்டது. கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் டேப் ஒழுங்காக இருந்ததால், அதை வைத்து 1992 வெளியீட்டில் திருத்தினார்கள். போனில் வருவது திருத்தியது, உங்களுடையது அதற்கு முந்தியது.

ஆனால் "மதியச் சாப்பாடு" என்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பழையது எனக்கு ரயிலைப் பிடிக்க ஓடுகிற மாதிரி இருக்கிறது.

நைட் டூட்டி:
நான் நர்ஸ். ஜாஸ் எனக்குத் தெரியாது. பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்', பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் வாசித்தது, அதைத்தான் டூட்டி முடிந்து ராணிப்பேட்டை பஸ்ஸில் கேட்பேன். 1955இல் பதிந்தது 38 நிமிடம், 1981இல் அதே ஆள் அதையே திரும்ப வாசித்தது 51 நிமிடம். இரண்டாவதைத்தான் முதலில் கேட்டேன். பியானோவுக்கு அடியில் யாரோ முனகுகிற சத்தம். ராத்திரி முழுக்க வார்டில் இருந்தவள், முனகல் கேட்டால் உடம்பு தானாக எழுந்துவிடும். பஸ்ஸிலும் பாதி எழுந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அவருக்கு வாசிக்கும்போது கூடவே பாடுகிற பழக்கமாம். இப்போது அந்த முனகல் வந்தால்தான் எனக்குக் கண் சொக்கும். அதனால் அண்ணா, உங்கள் ஏ பக்கத்தை யாரும் திருத்த விடாதீர்கள்.

பாலாற்று மணல்:
எல்லோருக்கும் நன்றி. காது பிழைத்தது! மகளுக்கு இரண்டையும் போட்டுக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதான்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

குடியாத்தம் டெக்:
சார், அந்த ராஜா கேசட்டை அப்படியே ஓட்டாதீர்கள். செல்லோ டேப் பசை வெயிலில் கசிந்து ஹெட்டில் ஒட்டும், அடுத்த கேசட்டையும் கெடுக்கும். எடுத்து வாருங்கள், ஒட்டுவதற்கென்றே தனி டேப் இருக்கிறது, மாற்றித் தருகிறேன்.

பாலாற்று மணல்:
ஞாயிறு வருகிறேன். ஒட்டை மாற்றுங்கள், தாவலை மட்டும் தொடாதீர்கள்.