கூழ் வத்தல் பக்குவம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். வருகிற மே மாதம் அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டில் சொந்தபந்தம் எல்லாரும் கூடுகிறோம். சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவு விட்டதும் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைப் பெரியப்பா குடும்பம் வந்து இறங்கும். பின்னாலேயே அத்தைமார், சித்திமார், பிள்ளைகள். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் ஆச்சி வத்தலே போடுவாள். விடியுமுன் கூழ் கிளறி, மொட்டை மாடியில் தாத்தாவின் வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றுவார்கள். காக்காய் விரட்ட நாங்கள். பாதி காய்ந்த வத்தல் மேலே மொறுமொறு, உள்ளே கொழகொழ. காக்காயைவிட நாங்கள் தின்றதுதான் அதிகம். அப்புறம் வேட்டியைத் திருப்பித் தண்ணீர் தெளித்து உரிக்கிறதுக்கு ஒரு அடிதடி!

இப்போதுள்ள பிள்ளைகளுக்கும் இதைக் காட்ட ஆசை. ஆச்சி இல்லை, அளவை யாரும் எழுதி வைக்கவில்லை. 2 கிலோ பச்சரிசிக்கு ஜவ்வரிசி எவ்வளவு, தண்ணீர் எத்தனை பங்கு? மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவிட வேண்டுமா? பச்சை மிளகாய் விழுதைக் கொதிக்கும்போதே சேர்ப்பதா, இறக்கும்போதா? உப்பைக் குறைத்துப் போட வேண்டும், காய்ந்தால் கரிக்கும் என்பது மட்டும் தெரியும். பாலித்தீன் ஷீட் யோசனை வேண்டாம், வேட்டிதான். நெல்லை, தென்காசிப் பக்கம் வீட்டில் இன்னும் போடுகிறவர்கள் இருந்தால் கேட்டுச் சொல்லுங்களேன்.