எட்டு வரித் துதிப்பாட்டுக்கு என்ன ஆடியிருப்பார்கள்? (சௌ காலத்துச் சீனா)

வழிப்போக்கன்:
வூகானில் வேலை. இங்குள்ள ஹூபெய் மாகாண அருங்காட்சியகத்தில் செங் நாட்டு யீ பிரபுவின் வெண்கல மணிகளைப் பார்த்ததிலிருந்து பழைய சீன இசைமேல் ஒரு கிறுக்கு. 1978இல் கல்லறையிலிருந்து எடுத்த 65 மணிகள். தட்டும் இடத்தைப் பொறுத்து ஒவ்வொன்றும் இரண்டு சுரம் தரும். சரி, மூதாதையர் கோயிலில் மணியும் முரசுமாக என்னதான் பாடினார்கள் என்று ஷிஜிங் தொகைநூலின் கடைசிப் பகுதிக்குப் போனேன். 305 பாடல்களில் 40 துதிப்பாடல்கள், அதில் 31 சௌ அரசமரபுடையவை. படித்தால் சப்பென்று இருக்கிறது. முன்னால் உள்ள காதல் பாட்டுகளின் உயிர் எங்கே போனது? 'வென் அரசரின் நற்குணம் ஏந்தி நிற்கிறோம்' ரகம் (வென், சௌ மரபின் முன்னோர்). பலவற்றில் இயைபுகூட இல்லை, எட்டு வரியில் முடிந்துவிடுகிறது. இதை வைத்துக்கொண்டா ஆடினார்கள்?

தாளக்கட்டு:
நண்பரே, உங்கள் கையில் இருப்பது பாதிதான். மீதி ஆடியவர்களின் காலோடு போய்விட்டது.

'வூ' என்ற பாட்டை எடுங்கள். ஏழே வரி, 28 எழுத்து. வென் அரசரின் மகன் வூ அரசர் அதுவரை ஆண்ட ஷாங் அரசமரபை வென்றார், கொலையை நிறுத்தினார், எடுத்த காரியம் முடித்தார். அவ்வளவுதான் செய்தி. ஆனால் இது 'தா வூ' என்ற பெரிய போர் நடனத்தைச் சேர்ந்தது. லிஜி என்ற சடங்கு நூலின் இசை அத்தியாயத்தில் கன்பூசியஸும் பின்மோவ் ஜியா என்பவரும் அந்த நடனத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அந்த நூலில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது. கன்பூசியஸின் முதல் கேள்வியே, ஆட்டம் தொடங்கும் முன் ஏன் இத்தனை நேரம் முரசடிக்கிறார்கள் என்பதுதான். தன் பின்னால் ஆள் திரளுமா என்று வூ அரசருக்கு இருந்த கவலைதான் அது என்கிறார் மற்றவர். யோசித்துப் பாருங்கள், ஒரு வார்த்தை பாடும் முன்பே அரசரின் மனசு முரசில் வந்துவிட்டது! அப்புறம் ஆடுபவர் கேடயத்தைப் பிடித்தபடி மலைபோல அசையாமல் நிற்பார். அது சிற்றரசர்கள் வந்து சேரக் காத்திருக்கும் அரசர்.

ஆட்டம் ஆறு கட்டம். வடக்கே கிளம்புவது, ஷாங்கை வீழ்த்துவது, தெற்கே திரும்புவது, தென்னாடுகள் அடங்குவது. ஐந்தாவதில் ஆடுபவர்கள் இரண்டாகப் பிரிவார்கள்: இடப்பக்கம் சௌ பிரபு, வலப்பக்கம் ஷாவ் பிரபு, இருவரும் அரசரின் துணைவர்கள். ஆறாவதில் பழைய இடத்துக்கே வந்து அரசரை வணங்குவார்கள். கதை முழுவதும் கண்முன்னே நடக்கும்போது பாட்டு எதற்கு இன்னொரு முறை கதை சொல்ல வேண்டும்?

இயைபு பற்றி வாங் குவோவெய் (1877–1927) சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது: மிக மெதுவாகப் பாடியதால், ஒரு வரி முடிந்து அடுத்தது முடிவதற்குள் முந்தின ஒலி காதிலிருந்து போய்விடும். பிறகு இயைபு எதற்கு? வென் அரசரைத் துதிக்கும் 'சிங் மியாவ்' பாட்டுக்குச் சிவப்பு நரம்பு கட்டிய யாழ். ஒருவர் பாட, மூவர் பின்பாடுவார்கள். இதுவும் லிஜி சொல்வதுதான்.

ஏட்டுச்சுரை:
தாளக்கட்டு அண்ணா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வூ ஷாங்கை வென்றது கி.மு. 11ஆம் நூற்றாண்டில், லிஜி தொகுக்கப்பட்டதோ பல நூற்றாண்டு கழித்து வந்த ஹான் அரசமரபின் காலத்தில். அந்த ஆறு கட்டத்தை அப்படியே பழைய ஆட்டமாக நம்ப முடியாது. எந்தக் கட்டத்துக்கு எந்தப் பாட்டு என்பதிலும் அறிஞர்களிடையே சண்டை ஓயவில்லை.

அதைவிட எனக்குப் பெரிய சாட்சி ட்சுவோ உரை என்ற பழைய வரலாற்று நூலில் இருக்கிறது. கி.மு. 597இல் போரில் வென்ற ச்சூ நாட்டு ஜுவாங் அரசரிடம், எதிரிப் பிணங்களைக் குவித்து வெற்றிமேடு எழுப்பலாம் என்கிறார்கள். அவர் மறுத்து, வூ அரசரின் பாட்டைக் காட்டுகிறார். அதில் மூன்றாவது, ஆறாவது என்று எண் போட்டுச் சொல்லும் வரிகள் இன்றைய ஷிஜிங்கில் தனித்தனிப் பாடல்களாகக் கிடக்கின்றன. ஆக, வழிப்போக்கன் 'எட்டு வரியில் முடிந்துவிடுகிறது' என்பதே சந்தேகம்தான். நீளமான ஒன்றின் துண்டுகளாக இருக்கலாம்.

வழிப்போக்கன்:
அட, இது தெரியாது. இன்னொன்று: பார்வையாளர் யார்? மூதாதையர் அங்கே இருப்பதாக வெறும் நினைப்புதானா?

தாளக்கட்டு:
நினைப்பு இல்லை, ஆளே உட்கார்ந்திருப்பார்! இறந்தவர் இடத்தில் 'ஷி' என்று ஒருவரை அமர்த்துவார்கள். லிஜி கணக்குப்படி பேரன் உட்காரலாம், மகன் கூடாது. படைத்ததை அவர் சாப்பிடுவார், குடிப்பார். ஷிஜிங்கில் 'ச்சூ ட்ஸு' என்ற நீண்ட பாட்டைப் படியுங்கள் (துதிப்பாடல் பகுதியில் தேடாதீர்கள், 'சிறு யா' என்ற வேறொரு பகுதியில் இருக்கிறது). ஆவிகளுக்குப் போதை ஏறியதும் ஷி எழுந்திருப்பார், மணியும் முரசும் அடித்து அவரை வழியனுப்புவார்கள், பிறகு உறவுக்காரர்கள் விருந்து சாப்பிடுவார்கள். சப்பென்று இருக்காது, உத்தரவாதம்.

ஏட்டுச்சுரை:
இன்றும் ஆடுவதைப் பார்க்க வேண்டுமானால் சியோல் போங்கள். ஜோங்மியோ அரச முன்னோர் கோயிலில் மே மாத முதல் ஞாயிறு சடங்கு. எட்டு வரிசைக்கு எட்டுப் பேராக 64 பேர் ஆடுவார்கள். ஆனால் அதைக் கேட்டுவிட்டுச் சௌ இசை என்று இங்கே வந்து எழுதிவிடாதீர்கள். சேஜோங் அரசர் ஆக்கி, 1464இல் சடங்குக்கு ஏற்கப்பட்ட கொரிய இசை அது. சீனச் சாயல்தான் வேண்டும் என்றால் அதே ஊரில் கன்பூசியஸ் கோயில் சடங்கு இருக்கிறது. 1116இல் சீனாவின் சோங் அரசவை கொரியாவுக்கு அனுப்பிய இசையின் வழி வந்தது.