‘பி. ரூயிஸ்’ என்று கையொப்பமிட்டவர் பிக்காசோதானா?

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள பழைய புத்தகக் கடையொன்றில் பிக்காசோவின் இளமைக்கால ஓவியங்கள் அடங்கிய பெரிய தொகுப்பு நூலொன்றை வாங்கினேன். முன்பக்கங்கள் சிலவும் படக்குறிப்புகள் இருந்த இறுதிப் பகுதியும் கிழிந்திருந்தமையால் மலிவாகக் கிடைத்தது. அதே காரணத்தினால் இப்போது தடுமாறிக்கொண்டும் இருக்கிறேன்.

நூலின் முற்பாதி முழுவதும் உருவப்படங்கள். தாடி வைத்த, சற்றே சோர்ந்த முகமுடைய ஒரு மனிதர் திரும்பத் திரும்ப வருகிறார். வெண்ணிற ஆடையணிந்த சிறுமி ஒருத்தி பலிபீடத்தின் முன் மண்டியிட்டிருக்கிறாள். இவை எல்லாமே புகைப்படத்துக்கு நிகரான துல்லியத்துடன் வரையப்பட்டுள்ளன. சிலவற்றின் கீழே ‘பிக்காசோ’ என்றில்லாமல் ‘பி. ரூயிஸ்’ என்ற கையொப்பமே இருக்கிறது. “அந்த ஆளுக்கு முகம் கீறத் தெரியாது, அதனால்தான் மூக்கை ஒரு பக்கமும் கண்ணை ஒரு பக்கமும் வைத்தான்” என்று இத்தனை காலமும் சொல்லிவந்த எங்கள் மாமா, இவை வேறு யாரோ வரைந்தவை என்று அடித்துச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா? பிக்காசோவே வரைந்தவை என்றால், பதினான்கு பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கீறித் தள்ளிய தாள்கள் இவ்வளவு எண்ணிக்கையில் எப்படி எஞ்சியிருக்கின்றன?

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர், கொட்டாஞ்சேனை, எழுதியது:

தங்கைக்கு, மாமாவின் கூற்றுத் தவறு என்பதை அவர் மனம் நோகாதபடி நீங்களே சொல்லிவிடுங்கள். ஸ்பானிய வழக்கப்படி ஒருவர் தந்தைவழிப் பெயரை முதலிலும் தாய்வழிப் பெயரை அதன் பின்னரும் தாங்குவார். தந்தை ஹோசே ரூயிஸ் பிளாஸ்கோ, தாய் மரியா பிக்காசோ லோப்பேஸ். ஆகவே மகன் பாப்லோ ரூயிஸ் பிக்காசோ. முதலில் ‘பி. ரூயிஸ்’, பிறகு ‘பி. ரூயிஸ் பிக்காசோ’ என்றெல்லாம் ஒப்பமிட்டவர், 1901 அளவில் தாயின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். ரூயிஸ் அங்கே தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும் பெயர், பிக்காசோ அப்படியல்ல.

தாடிக்காரர் பெரும்பாலும் தந்தையாகவே இருக்க வேண்டும். அவர் சித்திர ஆசிரியர். புறாக்களை வரைவதில் விருப்பமுள்ளவர். 1881ஆம் ஆண்டு மாலகாவில் பிறந்த பையன், தந்தையின் பணியிட மாற்றத்தால் 1891இல் லா கொருன்யாவுக்கும், தங்கை கொன்சிட்டா தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயால் இறந்த 1895ஆம் ஆண்டிலேயே பார்சிலோனாவுக்கும் வந்து சேர்ந்தான். மண்டியிட்ட சிறுமியின் படம் ‘முதல் நற்கருணை’, 1896. அதற்கு மாதிரியாக இருந்தவள் இன்னொரு தங்கையான லோலா. அடுத்த ஆண்டு வரைந்த ‘அறிவியலும் அன்பும்’ ஏறத்தாழ இரண்டரை மீற்றர் அகலமான எண்ணெய் வண்ண ஓவியம். படுக்கையில் நோயாளிப் பெண். ஒரு பக்கத்தில் பைக் கடியாரத்தைப் பார்த்தபடி நாடி பிடிக்கும் மருத்துவர். மறுபக்கத்தில் குழந்தையை ஏந்தியபடி கிண்ணத்தை நீட்டும் கன்னியாஸ்திரி. அந்த மருத்துவரும் தந்தையே. மாட்ரிட்டில் அதற்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது, மாலகாவில் தங்கப் பதக்கம் கிடைத்தது. நோயாளியின் கை, உள்ளே விரலில்லாத கையுறை போல் இருக்கிறது என்று மாட்ரிட்டில் கேலியும் செய்தார்கள். உங்கள் நூலில் அந்தப் படம் இருந்தால் கையைக் கவனியுங்கள். கேலியில் நியாயம் இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் படம் திறமையானது, ஆனால் உயிரில்லாதது. தந்தை விரும்பிய படத்தை மகன் முடித்துக் கொடுத்திருக்கிறான். அதே காலத்தில் வரைந்த பெப்பா அத்தையின் முகமோ நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது.

தெஹிவளையிலிருந்து ஒருவர் எழுதியது:

உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். பிரான்சில் வாழும் அக்காவைப் பார்க்கப் போயிருந்தபோது, அவர்களோடு பார்சிலோனாவுக்கும் சென்று, மொன்காடா வீதியிலுள்ள பிக்காசோ அருங்காட்சியகத்தில் ஒரு பகல் முழுவதும் நின்றேன். என்னை அசைத்தவை பெரிய ஓவியங்கள் அல்ல. லா கொருன்யாவில் படித்த பாடப் புத்தகங்கள் கண்ணாடிப் பேழைக்குள் விரித்து வைக்கப்பட்டிருந்தன. அச்சுக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் புறாக்களும் மனிதத் தலைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. நம் வீட்டில் என்றால் அந்தப் புத்தகம் அடுத்த ஆண்டே பழைய கடதாசிக்காரரிடம் போயிருக்கும்.

அவை எஞ்சியதற்கு இரண்டு வழிகள். ஒன்று குடும்பம்: மகன் பாரிசுக்குப் போன பிறகும் தாயார் அவற்றைப் பாதுகாத்தார், அவருக்குப் பின் லோலாவின் வீட்டில் இருந்தன. 900க்கும் மேற்பட்ட அந்தப் படைப்புகளை 1970இல் பிக்காசோவே அந்த அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். மற்றொன்று நண்பர் ஹௌமே சபார்ட்டேஸ். அருங்காட்சியகத்தின் தொடக்கமே அவர் சேர்த்து வைத்த 500க்கும் மேற்பட்ட படைப்புகள்தான். 1963இல் கதவு திறந்தபோது, ஸ்பானிய சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்த பிக்காசோவின் பெயரை வைக்க இயலாமல் ‘சபார்ட்டேஸ் தொகுப்பு’ என்றே அழைத்தார்கள்.

அந்த நண்பரைப் பிக்காசோ 1900இல் ஊதா மேலங்கியும் தலையில் மலர்முடியும் கையில் ஒரு பூவுமாக, பின்னால் மயானச் சிலுவைகளோடு, கவிஞர்களைப் பரிகசிக்கும் விதத்தில் கரியாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்திருக்கிறார். அவ்வாண்டு பெப்ரவரியில் ‘நான்கு பூனைகள்’ என்ற மதுச்சாலையில் நடந்த பிக்காசோவின் முதல் பெரிய கண்காட்சி, பெரும்பாலும் இப்படி நண்பர்களின் முகங்களால் ஆனது. சட்டமிடக் காசில்லாமல் தாள்களை அப்படியே சுவரில் குத்தியிருந்தார்கள். மறு ஆண்டு நண்பர் கசாஹேமாஸ் பாரிசில் தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டில் வரைந்த சபார்ட்டேஸ் படத்தில் பரிகாசம் இல்லை. எங்கும் நீலம், முன்னால் பியர்க் குவளை, கிட்டப்பார்வையுள்ள மனிதரின் எங்கோ பதிந்த கண்கள். அது இப்போது மொஸ்கோவில் உள்ளது. முகம் கீறத் தெரியாதவர் என்ற பேச்சுக்கு இவ்விரு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

பொரளை வாசகர் எழுதியது:

சபார்ட்டேசைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. அவர் 1935 முதல் பிக்காசோவின் செயலாளராக இருந்தவர். இளமைக்காலக் கதைகள் பல அவர் வழியாகவே நமக்கு வந்துள்ளன. புறாவின் கால்களை மகன் வரைந்து முடித்த அழகைக் கண்ட தந்தை, தமது தூரிகைகளை அவனிடம் கொடுத்துவிட்டு ஓவியத்தைத் துறந்தார் என்பது அவற்றுள் ஒன்று. தந்தை அதன் பின்னரும் வரைந்தார். ஆகையால் தாள்களை நம்புங்கள், கதைகளைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று. நண்பர் ஒருவர் சேர்த்து வைத்ததால் எஞ்சிய தொகுப்பைக் காண்பதற்குப் பார்சிலோனா வரை போக வேண்டியதில்லை. பார்ன்ஸ் பிளேசில் உருவப்பட ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டுக்குப் போங்கள். 1974இல் அவர் அதைச் சபுமல் அறக்கட்டளையாக்கினார். தாம் உறுப்பினராக இருந்த ’43 குழு என்ற ஓவியர் குழுவின் தோழர்களான ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ் முதலியோரின் படைப்புகளை அங்கே வைத்திருந்தார். கொழும்பின் ஈரப்பதனில் கடதாசி எவ்வளவு விரைவில் பழுப்புப் புள்ளி விழுந்து கெடும் என்பது தெரிந்தவர்களுக்கே அந்த மனிதர் செய்த வேலையின் அருமை புரியும்.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியர் ஐயா சொன்ன பெரிய படம் என் நூலில் இரண்டு பக்கங்களுக்குக் குறுக்கே விரிகிறது. மடிப்பு சரியாகப் படுக்கையின் நடுவே விழுந்திருந்தாலும் அந்தக் கை தப்பியிருக்கிறது. உண்மையிலேயே கையுறைதான். மருத்துவரின் தாடியை முன்பக்கத்துப் பென்சில் படங்களோடு ஒப்பிட்டேன், ஒரே மனிதர். பார்ன்ஸ் பிளேசுக்கு வரும் சனிக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். இவற்றையெல்லாம் மாமாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் எதுவும் சொல்லவில்லை. நூலை மட்டும் “ஒருக்கால் தா, பார்ப்போம்” என்று வாங்கிக்கொண்டு போனவர், இரண்டு நாளாகியும் திருப்பித் தரவில்லை.